சிவப்பியின் மடி

குட்டியே இல்லாத குதிரைக்கு ஏன் பால் சுரக்கிறது என்று மயில்வாகனத்துக்கு விளங்கவில்லை. விடியற்காலையில் தென்னந்தும்பால் சிவப்பியின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கை மடியில் பட்டது. ஈரம். குனிந்து பார்த்தான். சுருங்கிக் கிடக்க வேண்டிய மடி பூரித்து நின்றது. காம்புகள் இரண்டும் இப்போதுதான் ஏதோ வாயை எடுத்ததுபோல் நனைந்திருந்தன. விரலை மூக்கருகே பிடித்தான். பால் மணத்தோடு கடல் மணமும் வந்தது. இரணைமடுக் குளத்து வாய்க்காலில் குளிக்கிற குதிரையில் கடல் எங்கிருந்து மணக்கும்?

மூன்று ஏக்கர் வயலும் ஒரு மண்வீடுமாக வந்து குடியேறியவனுக்குக் குதிரை ஒரு கேடா என்று குடியேற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும். சிவப்பி உழவுக்கு உதவமாட்டாள், வண்டிக்கும் பழகமாட்டாள், அது உண்மைதான். ஆனால் பின்னேரத்தில் முதுகில் சாக்கைப் போட்டு ஏறி வாய்க்கால் கரையால் ஒரு ஓட்டம் விட்டால், பகல் முழுக்கச் சேற்றுக்குள் நின்றவன் தான்தான் என்பதே அவனுக்கு மறந்துபோகும். கொள்ளு ஊறப்போடுவது, குளம்பில் கல் எடுப்பது, ஈக்கு வேப்பங்குழைப் புகை போடுவது எல்லாம் அவனே. மனைவி நேசமலர் பெண்பிள்ளை பெற்று இரண்டு மாதம். பிள்ளையைத் தூக்கியதைவிடக் குதிரையின் காலைத் தூக்கியதுதான் கூட என்று அவள் குத்திக் காட்டுவாள். அதில் பொய்யொன்றும் இல்லை. சிவப்பி போனால் தனக்கென்று இந்தக் காட்டில் ஒன்றுமே மிஞ்சாது என்று அவன் நினைத்தான். வெட்கமில்லாமல் நினைத்தான்.

பத்தே நாளில் சிவப்பிக்கு விலா எலும்பு தள்ளியது. கொள்ளுத் தின்றாள், புல்லுத் தின்றாள், ஆனாலும் உருகினாள். பின்னேர ஓட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. காய்ந்த வாய்க்கால் கரையில் அவளுடைய குளம்புச் சத்தம் தடதடவென்று போக, அதற்குப் பின்னால், பாலைமர நிழல் விழுந்த பக்கமாக, ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் ஒரு சின்னக் குளம்புச் சத்தம் விடாமல் வந்தது. அவன் கடிவாளத்தை இழுத்தான். சிவப்பி நின்றாள். அது மேலும் இரண்டு அடி வைத்துத்தான் நின்றது. திரும்பிப் பார்த்தால் வெறும் கரை. சிவப்பி காதைப் பின்னுக்கு மடக்கி, தொண்டைக்குள் மெல்லக் கனைத்தாள். அந்தக் கனைப்பை அவன் இரண்டு வருஷமாகக் கேட்டதில்லை.

மறுநாள் முல்லைத்தீவு றோட்டால் வந்த, மாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி ஹமீட்டைக் கூட்டிவந்து காட்டினான். அவர் மடியை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"குட்டி எங்க தம்பி?"

"அது செத்துப் பிறந்தது, நானா."

"செத்தது இவ்வளவு குடிக்காது."

காம்பில் வேப்பெண்ணெய் பூசி, ஆட்டுக்குக் கட்டுவதுபோல் மடிக்குப் பை கட்டினால் பால் வற்றும் என்றார். ஆனால் குடிக்கிறது எது என்று பார்க்காமல் கட்ட வேண்டாம் என்றும் சொன்னார். அதை மயில்வாகனம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாக்குக் கூசாமல் அவன் சொன்ன அந்தப் பொய்க்கு இரண்டு வயது. குதிரைகள் காட்டில் திரியும் நெடுந்தீவில் சிவப்பியைப் பிடித்தபோது அவளுக்கு ஒன்றரை மாத ஆண்குட்டி இருந்தது. இரண்டையும் ஏற்ற வள்ளத்தில் இடமிருக்கிறது என்று வள்ளக்காரனே சொன்னான். குட்டி காலுக்குள் நின்றால் தாய் முதுகில் ஏறவிடாது. எப்போது ஏறி ஓட்டுவது? வேண்டாம் என்றான் மயில்வாகனம். பாய் காற்றுப் பிடித்தபோது குட்டி தண்ணீரில் இறங்கிவிட்டது. தலை தெரிந்தது. நீந்திக்கொண்டே வந்தது. பாயை இறக்கட்டா என்று வள்ளக்காரன் இரண்டு தரம் கேட்டான். மயில்வாகனம் சால்வையால் சிவப்பியின் கண்ணைக் கட்டினான். கொஞ்ச நேரத்தில் தலை தெரியவில்லை.

அன்று பின்னேரமே சாக்கை வெட்டிப் பை தைத்துக் கட்டினான். விடிய அது நாராய்க் கிழிந்து கிடந்தது. அடுத்த நாள் மூன்று மடிப்புச் சாக்கு, தோல்வார், கட்டி கட்டியாக வேப்பம் பிண்ணாக்கு. "பால் மறக்கத்தானே வேணும், மற. உனக்கு இஞ்ச ஒண்டுமில்லை" என்று கொட்டிலின் வெறுமையைப் பார்த்துச் சொன்னான்.

விடிய பை பத்திரமாக இருந்தது. கொட்டிலைச் சுற்றி, ஈரம் காயாத சின்னக் குளம்படிகள். சுற்றி, சுற்றி, பிறகு வீட்டுப் பக்கமாகப் போயிருந்தன. அவன் அவற்றைக் காலால் தேய்த்து அழித்தான். நேசமலரிடம் மூச்சும் விடவில்லை. அவனுக்குச் சிவப்பி பிழைத்தது போதும்.

அன்றைய ஓட்டத்தில் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. குளக்கட்டு வரை விட்டு ஓட்டிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினான்.

விளக்கு வைக்கப்படவில்லை. ஏணைத் தொட்டிலுக்குள் பிள்ளை தொண்டை அடைத்துப்போய் அழுதது. எவ்வளவு நேரமாக அழுகிறதோ.

வாசற்படி நனைந்திருந்தது. உப்பு மணம்.

நேசமலர் குசினிச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி இருந்தாள். சட்டை ஈரம். கன்னம் இரண்டும் ஒட்டியிருந்தன. காலையில் அப்படி இல்லை.

"பிள்ளை அழுறாள், கேக்கேல்லையே?"

அவள் நிமிரவில்லை. வலது கை வெறும் காற்றைத் தடவிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழாக, பிடரி மயிரைக் கோதுவதுபோல். விரல் நுனியால் தண்ணீர் சொட்டியது. மடியில் சேலை, கனமான ஏதோ தலை வைத்துப் படுத்ததுபோல், பள்ளமாக அமுங்கிக் கிடந்தது.

"பொறுங்கோ," என்றாள். மிக மெதுவாக. "இவனுக்கு இன்னும் பசி அடங்கேல்லை."

கொட்டிலில் சிவப்பி கயிறு தெறிக்க இழுத்துக் கனைத்தாள். ஏணைக்குள் அழுகை விக்கலாகி, பிறகு அதுவும் நின்றது.

அவனால் அசைய முடியவில்லை. நேசமலரின் கழுத்தெலும்பு அவன் கண் முன்னாலேயே மெல்ல மெல்ல மேலே வந்தது. இருட்டுக்குள் உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.