ஏழாவது கொக்கி

மூன்று கட்டில் போட்ட அறைதான் காலியாக இருக்கிறது என்றார் விடுதிக்காரர். வேறு அறை கேட்க நான் வாயெடுப்பதற்குள் என் மனைவி, "அதுவே போதும்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

வாசற்படியில் ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டு, முன்பணம் கட்டியவன் போல நிதானமாக எழுந்து போனது. பின்னால் இருந்த பெரிய மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கின. இரண்டு வருடத்துக்கு முன் இதே மரத்தடியில் எங்கள் மகள் அவற்றை எண்ணிக்கொண்டு நின்றாள். நூற்றுப் பத்து வரை வந்ததும் ஒன்று பறந்துவிட்டதென்று முதலிலிருந்து தொடங்கினாள். சாப்பாடு ஆறிப்போனது. நான் கத்தினேன். இப்போது அந்த மரத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. வீட்டில் ஆமை என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு வேகம். எதற்குக் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்பா" என்பாள், வரமாட்டாள். எனக்கோ பொறுமை கிடையாது. அவள் ஷூ லேஸை நான் கட்டுவேன், அவள் தட்டை நான் கழுவுவேன், அவள் பையை நான் அடுக்குவேன். "அவ வேலையை அவ செய்யட்டுங்க" என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். மனைவி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். தையல் போடுவதற்கு முன் கத்தரி, ஊசி, பஞ்சு என்று ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணுகிறவள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மகளின் நீச்சல் கண்ணாடிக்கு அவள் பவரில் லென்ஸ் வெட்டி நானே பொருத்திக் கொடுத்தேன். கடலுக்கடியில் ஆமையைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமாம்.

"உன் சொந்தக்காரங்கதானே, அவங்களே உன்னை அடையாளம் கண்டுபிடிச்சிடுவாங்க" என்று கேலி செய்தேன்.

அந்தக் கண்ணாடியும் கிடைக்கவில்லை. அவளும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை பவளத் திட்டுக்குப் போகும் படகில் ஏறினோம். பின்பக்கம், ஏணிக்குப் பக்கத்தில், அன்றைக்கு இருந்த அதே மாதிரி ஒரு பலகை. பன்னிரண்டு கொக்கிகள், பன்னிரண்டு பித்தளை டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். தண்ணீரில் இறங்குகிறவர் தன் டோக்கனைக் கையில் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் படகு நகராது.

நான் ஆறை எடுத்தேன். மனைவியின் கை ஏழுக்குப் போயிற்று.

"அது வேண்டாம்மா, எட்டை எடுத்துக்கோங்க" என்றார் புதுப் படகுக்காரர். "ஏழாம் நம்பரை நாங்க யாருக்கும் குடுக்கறதில்ல."

"ஏன்?"

அவர் மற்ற பயணிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொக்கியில நிக்க மாட்டேங்குது. கிளம்பற நேரத்துக்குக் காணாமப் போயிடும். அப்புறம் ஈரமா எங்கயாவது கிடக்கும். பலகையை மாத்தியாச்சு. டோக்கனைக் கடல்லயே தூக்கிப் போட்டும் பாத்தாச்சு."

"போட்டப்புறம்?"

"அதான் தொங்குதே, பாருங்க."

மனைவி எட்டை எடுத்துக்கொண்டாள். ஏழு யாருடைய எண் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

தண்ணீருக்குள் அப்படியொரு அமைதி. கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் மட்டும் கறக் கறக்கென்று காதுக்குள் கேட்டது. புல் முளைத்த மணல் திட்டில் ஓர் ஆமை மேய்ந்துகொண்டிருந்தது. ஓட்டின் இடப்பக்கம் ஒரு துண்டு உடைந்திருந்தது. அன்றைக்கு மகள் பின்னாலேயே சுற்றியது இதே ஆமையைத்தான்.

அது தலையைத் தூக்கியது. என்னைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் பார்த்தது.

பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனால் அங்கே புல் அமுங்கியிருந்தது. இரண்டு முழங்கால் அளவுக்கு.

அந்த இடத்திலிருந்து குமிழிகள் கிளம்பின. ஒன்று, இரண்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஒன்று. அவசரமே இல்லாத மூச்சு.

எப்படிப் படகுக்கு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. ஆறை மாட்டினேன். மனைவி எட்டை மாட்டினாள். இரண்டுக்கும் நடுவில் கொக்கி காலி.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். படகுக்காரர் இரண்டு முறை தலையை எண்ணினார், சரியாக இருந்தது. "பத்து நிமிஷம் பொறுங்க, அதுவா வந்துடும்" என்றார், பஸ் தாமதம் என்று சொல்வதைப் போல. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தொப்பி போட்ட ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தார்.

மனைவி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு மட்டும் எப்படிங்க பலகை நிறைஞ்சிருந்துச்சு?"

இரண்டு வருடமாக அவள் கேட்கும் கேள்வி. பலகை நிறைந்திருந்தது, அதைப் பார்த்துத்தான் எஞ்சினைக் கிளப்பினேன் என்றார் அன்றைய படகுக்காரர். அவர் பொய் சொல்கிறார் என்று இவள் துறையிலேயே மண்ணை வாரித் தூற்றினாள். அவருடைய உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். டோக்கனை மாட்டியது யாரென்று பார்த்தீர்களா என்று அதிகாரி என்னைக் கேட்டபோது நான் இல்லையென்று தலையாட்டினேன்.

பொய் சொன்னது நான்.

"நான்தான் மாட்டினேன்" என்றேன்.

அவள் திரும்பினாள்.

"கயிறு லூசா இருக்கு, நீங்க வச்சுக்கோங்கன்னு தண்ணிக்குள்ள என்கிட்ட குடுத்தா. நான் முதல்ல ஏறினேன். அவ கை ஏணியில இருந்துச்சு. இதோ வந்துட்டேன்பான்னா. நான் ரெண்டையும் மாட்டிட்டேன். நீ படகு முன்பக்கம் வாந்தி எடுத்துட்டு இருந்த. உனக்குத் தண்ணி குடுக்க வந்துட்டேன். அவ ஏறினாளான்னு திரும்பிப் பாக்கல."

ஏணியை விட்டுவிட்டு, அந்த ஆமையை இன்னொரு முறை பார்க்கப் போயிருப்பாள். "நம்ம ஆமை எங்கங்க?" என்று மனைவி கேட்டபோது பவளத் திட்டு இருபது நிமிடம் பின்னால் இருந்தது. திரும்பிப் போய்த் தேடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மனைவி என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அதைவிட அடித்திருந்தால் தேவலை.

ஏணி கிறீச்சிட்டது.

யாரும் அதைத் தொடவில்லை. படகின் பின்பக்கம் லேசாக அமுங்கி எழுந்தது.

தளத்தில் ஓர் ஈரத் தடம். சின்னது. அடுத்து இன்னொன்று. தொப்பிக்காரரின் மனைவி காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

தடங்கள் பலகைக்கு முன்னால் நின்றன.

டிங்.

ஏழு ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பிறகு எனக்கும் அவளுக்கும் நடுவில் விட்டிருந்த இடம் மெதுவாக நனைந்தது. உப்பு வாசனை. என் முழங்கைப் பக்கம் சில்லென்றது. மனைவி அந்த ஈரத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று புரிந்தது.

"சரியா இருக்கு" என்றாள் படகுக்காரரிடம். "கிளப்புங்க."

கரை சேரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

துறையில் கவிழ்த்துப் போட்ட படகொன்றுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார் பழைய படகுக்காரர். இரண்டு வருடத்தில் முதுகு வளைந்துவிட்டது. மனைவி என்னை அவர் முன்னால் நிறுத்தினாள். நான் சொன்னேன். அவர் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும் சார். நீங்க ரெண்டு டோக்கன் மாட்டினதை நான் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"பிள்ளையைப் பறிகொடுத்துட்டு நிக்கிற மனுஷன்கிட்ட அதை எப்படிச் சொல்றது? தலையை எண்ணாம கிளப்பினவன் நான்தானே."

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதறிப்போய், "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்றார். எனக்குக் கும்பிடக்கூட முகம் இல்லை. அன்று மாலையே துறைமுக அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உரிமத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டேன். விசாரிக்கிறோம் என்றார்கள்.

ஊர் திரும்பினோம். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் சாவி மாட்ட மூன்று கொக்கிகள் உண்டு. அவள் சாவியை அவள் மாட்டினாள், என் சாவியை நான் மாட்டினேன்.

மறுநாள் காலை மூன்றாவது கொக்கியில் பித்தளை டோக்கன் தொங்கியது. கீழே தரையில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர். நாக்கில் தொட்டுப் பார்த்தேன், உப்பு. மனைவி அதைத் துடைக்கவில்லை. பழைய துண்டொன்றை நான்காக மடித்து அடியில் போட்டாள், அவ்வளவுதான்.

அவள் என்னோடு தேவைக்குமேல் பேசுவதில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும் முன் இருவரும் அந்தக் கொக்கிகளுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கிறோம்.

சில காலைகளில் மூன்றாவது காலியாக இருக்கும். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்போம். மனைவிக்கு டியூட்டி நேரம் தாண்டும், கடை முன்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். நான் குரல் கொடுப்பதில்லை, அவசரப்படுத்துவதில்லை. உள்ளே குளியலறைப் பக்கத்திலிருந்து ஈரக்கால் சத்தம் மெதுவாகக் கிளம்பும். அது வந்து சேர எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும்.

அவள் டோக்கனை அவளே மாட்டட்டும்.