இறங்காத முள்

கடைசித் தூணின் முள் மட்டும் இறங்கவில்லை.

மற்றத் தூண்களின் மீட்டர்களில் முள் மதியமே சாயத் தொடங்கி, இப்போது அடியோடு படுத்துவிட்டது. அதுதான் முறை. இந்தக் குளிரில் சிமெண்ட் தானாக இறுகாது. ஈரக் கலவைக்குள் கம்பியைச் சொருகிக் கரண்ட் விட வேண்டும். கலவை சூடாகும், சூட்டில் சீக்கிரம் இறுகும். இறுக இறுகத் தண்ணீரைச் சிமெண்ட் குடித்துவிடும், கரண்டுக்குப் போக வழி இருக்காது, முள் இறங்கும். இதற்குப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும்.

கடைசித் தூண் காலையில் குடித்தது போலவே இன்னும் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது.

கரண்டுக்காரர் கிழவர். கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, டிரான்ஸ்பார்மரின் விடாத முனகலையும், பலகைகளைச் சுற்றிய சாக்குகளிலிருந்து ஆவி கிளம்புவதையும், வெந்த மர வாசனைக்கு அடியில் அவருக்குப் பிடிபடாத வேறொரு வாசனையையும் நெடுநேரமாகச் சகித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி ஏணியில் இறங்கி வந்தார்.

"என்ன பெரியவரே, தூணுக்குக் காவலா, தூக்கத்துக்குக் காவலா?"

"இது இறுகல மேஸ்திரி."

"மீட்டர் கோளாறா இருக்கும்."

"மாத்திப் பார்த்தாச்சு. அதே கதைதான்."

"அப்ப தண்ணி ஜாஸ்தி. விடுங்க, விடியறதுக்குள்ள இறுகிடும். ஆமா, உங்க மாப்பிள்ளை எங்க? கலவை ஊத்துறதுக்கு முன்னாடியே கம்பி நீட்டிட்டார் போல."

"அவனுக்கு வேலைன்னாலே வயித்துவலி."

மேஸ்திரி சிரித்துக்கொண்டே மேலே போனார். கிழவர் சிரிக்கவில்லை. மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. என்றைக்காவது சொல்லாமல் கொள்ளாமல் ஓடுவான் என்று முதல் நாளிலிருந்தே காத்திருந்தார். இன்று ஓடிவிட்டான். உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. கசப்பான திருப்தி.

சுவிட்சுப் பலகையின் ஓரத்தில் ஓர் ஆணி. ஆள் இறங்கும் பருமன் உள்ள தூண்கள் இவை. அடியில் கிடக்கும் மரத்தூளை அள்ள யாராவது கம்பிக்கூட்டுக்குள் இறங்கினால், தன் குல்லாவை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணி காலியாக இருந்தால் கலவை இறங்கும், கரண்ட் ஏறும். வேறு யாரும் எதையும் கேட்பதில்லை. பம்ப் ஓடும்போது கத்தினாலும் காதில் விழாது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, அவர் போனே எடுக்கலப்பா."

"உன் புருஷன் ஓடிட்டான். நான் அப்பவே சொல்லல?"

"சும்மா இருங்கப்பா. காலையில இருமிக்கிட்டே போனார். தலையில குல்லா இருந்துச்சா?"

"நான் என்ன அவன் தலையையா பார்த்துட்டு இருந்தேன்?"

"நீங்களாவது போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"அப்பாடா. சாப்பாட்டுப் பைக்குள்ள அடியில வச்சேன், பார்க்காமலே இருந்துடுவீங்களோன்னு நினைச்சேன்."

அவர் பையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா?"

போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே மகளின் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

பை மூலையில் கிடந்தது. காலையிலிருந்து திறக்கவில்லை, பசிக்கவில்லை. திறந்தார். டப்பாவைத் தூக்கினார். அடியில் ஒரு நீலக் குல்லா. மடிப்புக் கலையாமல்.

ஒரே நூல்கண்டில் மகள் பின்னிய இரண்டு குல்லாக்கள். புருஷனுக்கு ஒன்று. அப்பாவுக்கு ஒன்று.

கை தலைக்குப் போனது. கம்பளி உறுத்தியது. காலையில் வந்தபோது இது ஆணியில் தொங்கியது. தன்னுடையதுதான், நேற்று மறந்து வைத்துவிட்டுப் போனோம் என்று நினைத்தார். குளிர். எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆணி காலி.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். கை காட்டினார். பம்ப் ஓடியது. பிறகு கரண்ட். சுவிட்சைத் தூக்கியது யார்?

இந்தக் கை.

சுவிட்சை இறக்கினார். முள் விழுந்தது. முனகல் நின்றது. அந்த அமைதி முனகலைவிட மோசம். மீட்டரிலிருந்து ஒயர்களைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். தூணின் பலகையில் உள்ளங்கையை வைத்தார். சூடு. காய்ச்சல்காரன் நெற்றி போல.

"மாப்பிள்ளை," என்றார். ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

குல்லாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஏணியில் காலடிச் சத்தம்.

"ஏன் கரண்டை நிறுத்தினீங்க பெரியவரே?"

மேஸ்திரியின் பார்வை பழக்கத்தில் ஆணிக்குப் போனது. நின்றது.

"உள்ள யாருய்யா?"

கிழவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர்கள் தரையில் கிடந்தன. சுவிட்ச் கீழே இருந்தது.

மூச்சு இழுப்பது போல முள் எழுந்தது. மெல்லத் தாழ்ந்தது.

மறுபடி எழுந்தது.