ஒரு தடவை துடைத்தால் போதும்

வினோலியா ஜன்னல் கட்டையில் விரலை இழுத்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

நெய்வேலியில் யார் வீட்டுக்குப் போனாலும் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. வீட்டுக்காரம்மா காபி போட உள்ளே போனதும் விரல் தானாக ஜன்னல் கட்டைக்குப் போகும். கரி ஒட்டினால் தீர்ந்தது, அன்று சாயங்காலமே பிளாக் முழுக்க அந்தம்மாவின் லட்சணம் பேசப்படும். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் மைன்ஸ் கரித்தூளும் சாத்திய கதவுக்குள்ளேயே வந்துவிடுகிற ஊர். ஒரு தடவை துடைத்தால் கறை இழுவிக்கொண்டு நிற்கும், உடனே இரண்டாவது தடவையும் துடைத்தாக வேண்டும். இங்கே வளர்ந்த கைக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஆனால் டவுன்ஷிப்பின் கடைசியில், சாம்பல் காற்று நேராக வந்து மோதுகிற இந்த முதியோர் இல்லத்தில், ஜன்னல் திறந்தே கிடந்தும் கட்டை வழவழவென்று இருந்தது.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. குறை கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கிறாள்! அம்மா சகாயம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, ஷிஃப்டுக்கு ஓடுகிற தன்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று இங்கே சேர்த்தவள் அவள்தான். "பழகுற வரைக்கும் வராதீங்க" என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். போனில் பேசினால் அம்மா வாயில் ஷைனி, ஷைனி, ஷைனிதான். யார் அந்த ஷைனி? சம்பளத்துக்குப் பார்க்கிற ஒருத்தி. அவள்மேல் வினோலியாவுக்கு வந்தது பச்சைப் பொறாமை, வேறு பெயரே இல்லை அதற்கு.

சென்னையிலிருந்து தம்பி பிராங்க்ளின் எஸ்.டி.டி. போட்டுச் சொன்னான். "நீயே போய்ப் பாருக்கா. நல்லா பாத்துக்கறாங்கன்னா கடைசி வரைக்கும் அங்கயே இருக்கட்டும். இல்லன்னா கூட்டிக்கினு வந்துடு."

ஒரு குறை கிடைத்தால் போதும், அம்மா மறுபடி அவளுக்குத்தான்.

ஹாலில் வரிசையாகக் கட்டில்கள். ஃபினாயில் வாசனை இல்லை, மூத்திர வாடை இல்லை, தைல வாசனைகூட இல்லை. ஊரில் எங்கே நின்றாலும் காதில் விழுகிற, கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல் இந்த வாசற்படியோடு நின்றுபோயிருந்தது. மத்தியான வெயில் கட்டில்களின் மேல் விழுந்து கிடக்க, பெரியவர்கள் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையெல்லாம் நரைத்திருந்தது. முகங்களில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

முகத்துச் சுருக்கங்கள் இன்னும் போகாத அம்மா மட்டும் அவளை ஏறிட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க. உக்காருங்க. யாரப் பாக்கணும்?"

"அம்மா, நான்தாம்மா, வினோ."

"அப்படிங்களா" என்றாள் அம்மா, மரியாதையாக.

அப்போது ஷைனி வந்தாள். கையில் ஒரு தண்ணீர்ப் பேசினும் வெள்ளைத் துணியும். அம்மாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டியாடி என் ராசாத்தி!" என்று காலை நீட்டினாள். வினோலியா நகம் வெட்டப் போனால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிற அதே கால். குதிகாலில் ஒரு வெடிப்பு இல்லை. அம்மாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள், புண் இல்லை. வினோலியாவின் வயிறு எரிந்தது.

ஷைனி அம்மாவின் கையை ஒருமுறை துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

"அவ்ளோதானா? ஒரு தடவதானா?"

"ஒரு தடவ போதும்ங்க. அதுக்கு மேல தொடைக்கக் கூடாது."

வினோலியாவுக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கிடைத்துவிட்டது! நெய்வேலியில் ஒரே தடவை துடைக்கிற சோம்பேறி! அம்மாவின் கையில் மிச்சம் இருக்கும் கறையைக் காட்டிவிடலாம் என்று அதைப் பிடித்துத் திருப்பினாள்.

கறை இல்லை. தழும்பும் இல்லை.

முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இருந்த தழும்பு. தவழ்ந்துபோய்க் கரியடுப்பில் கைவைக்க இருந்த வினோலியாவை இழுத்தபோது சுட்டது. "உன்னால வந்ததுடி" என்று அம்மா வாழ்நாளெல்லாம் சொல்லிக்காட்டிய தழும்பு. அந்த இடம் ஜன்னல் கட்டையைப் போல வழவழவென்று இருந்தது.

"இங்க இருந்த தழும்பு எங்க?"

"தெனம் தொடைக்கிறேன்ல. எல்லாம் போயிடும்ங்க. பழைய நெனப்புகூடப் போயிடும்." ஷைனி அம்மாவின் தலையைக் கோதினாள். "அப்புறம் யாரு தொடைக்கிறாங்களோ, அவங்கதான் இவங்களுக்கு எல்லாம்."

ஓடிவிட வேண்டும் என்று கால்கள் சொல்லின. ஆனால் அம்மா ஷைனியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதை மட்டும் வினோலியாவால் தாங்க முடியவில்லை.

துணியைப் பிடுங்கினாள். "தள்ளு. எங்கம்மாவத் தொடைக்க எனக்குத் தெரியும்."

ஷைனியின் முகம் வெளுத்தது. "அக்கா, மூஞ்சி வேணாங்க..."

துடைத்தாள். நெற்றியிலிருந்து மோவாய் வரை.

துணி சில்லென்றிருந்தது. சுருக்கங்கள் போயின. அம்மாவின் கண்கள் ஷைனியை விட்டு மெல்லத் திரும்பின. வினோலியாவிடம் வந்து நின்றன. தளும்பின.

"வினோ? எப்பம்மா வந்தே? சாப்டியா?"

ஜெயித்துவிட்டாள். அம்மா அவளுடையவள். அந்தச் சந்தோஷம் தாங்காமல், ஷைனியின் முகம் தொங்கிப்போவதைப் பார்க்கத் திரும்பினாள்.

ஒரு நொடிதான்.

ஷைனி தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் பார்வை வினோலியாவின் கையில் இருந்தது.

கை நகர்ந்துகொண்டிருந்தது. பழக்கப்பட்ட கை. நெற்றியிலிருந்து மோவாய் வரை. இரண்டாவது தடவை.

வினோலியா குனிந்து பார்த்தாள்.

துணி வெள்ளையாகவே இருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை. புருவம் இல்லை. கண் இல்லை. மூக்கு இல்லை. காதோரத்து நரைமுடி காற்றில் ஆடியது. சின்ன வயதில் முத்தம் கேட்டுக் குனிவதைப் போல அம்மா முகத்தை அவள் பக்கம் நீட்டினாள். வாய் இருந்த இடத்தில் தோல் மேலெழும்பியது, அமுங்கியது, மறுபடி மேலெழும்பியது. அந்த வழவழப்புக்கு உள்ளேயிருந்து அம்மா இன்னும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.