அம்மா வாசலுக்கு ஒரு கம்பு

மலை சின்னதுதான். மரம் கிடையாது. புல், குதிரைகள், காற்று, கீழே கடல். யெசுல் நீளக் கம்பு போட்ட புல்வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா, பெரியப்பாவோடு ஏறினாள். அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் சமாதியில் புல் வெட்ட வேண்டும். அம்மாவின் சமாதிக்கு இதுதான் முதல் தடவை.

சமாதி மண்மேட்டைச் சுற்றி இடுப்புயரக் கருங்கல் சுவர். அதில் ஓர் இடைவெளி. இறந்தவர் போய்வர விட்ட வாசல் அது.

மேட்டின் உச்சியில் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது.

"ஏய், எறங்கு! அது என்ன உன் கட்டிலா?" என்று பெரியப்பா கத்தினார்.

குதிரை நிதானமாக வாலைத் தூக்கி லத்தி போட்டுவிட்டுத்தான் இறங்கிப் போனது. யெசுல் சிரித்துவிட்டாள். மேடு முழுக்கக் குளம்புக் குழிகள் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

புல் வெட்டி முடித்ததும், குதிரை இனி உள்ளே வராமலிருக்க, பெரியப்பா சுவரின் வாசலில் கல் அடுக்க ஆரம்பித்தார்.

"அடைச்சிட்டா அம்மா எப்படி பெரியப்பா வெளிய வருவாங்க?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அடைங்கண்ணே. வெளிய வந்து எங்க போகப்போறா?" என்றார்.

"கடலுக்கு."

"கடல்தான் அவளைக் கொண்டுபோச்சு."

"தெரியும்ப்பா. ஆனா அம்மாவுக்கு வேற எங்கயும் போகத் தெரியாதே."

பெரியப்பா கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

அவர்கள் வீட்டு வாசலில் கதவு கிடையாது. துளை போட்ட இரண்டு கல் தூண்கள், குறுக்கே கம்புகள். கம்பே இல்லையென்றால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று கிடந்தால் பக்கத்தில்தான், வந்துவிடுவார்கள். மூன்று கிடந்தால் தூரம். சிப்பி எடுக்கக் கடலில் முங்கப் போகும்போதெல்லாம் அம்மா ஒன்றுதான் போடுவாள். கடைசி நாளும் ஒன்றுதான் போட்டிருந்தாள். அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை. அப்பாவும் மகளும் தாண்டித் தாண்டிப் போய்வந்தார்கள்.

யெசுல் புல்வாரியின் கம்பை உருவினாள். சுவரின் கல் இடுக்குகளில் குறுக்கே செருகினாள். "குதிரைக்குத் தூக்கத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்."

"அடிப்பாவி, புல்வாரி போச்சே!" என்றார் பெரியப்பா. பிறகு மெதுவாக, "அவ தூரமா போயிட்டா கண்ணு. மூணுல்ல போடணும்?"

"ஒண்ணு போதும்."

"குதிரைக்குட்டி கீழ நுழைஞ்சிருமே?"

"நுழையட்டும். குட்டின்னா அம்மாவுக்குப் பிடிக்கும்."

அப்பா எழுந்து வந்தார். பெரியப்பா அடுக்கிய கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கம்பை ஆட்டிப் பார்த்தார். ஆடிய பக்கத்தில் ஒரு சின்னக் கல்லைச் சொருகினார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் யெசுல் வழக்கம்போலத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

"இரு" என்றார் அப்பா. கம்பை உருவிச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"நாம ரெண்டு பேரு வீட்லதானே இருக்கோம்."