இரண்டு தட்டு

நாய் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய தோளுக்கு மேலே, சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெயர்தான் குண்டு. அவன் மனைவி இறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல், விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இன்றும் வாய் வைக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் விட்டுப்போனவற்றில் மூச்சு விடுவது அந்த நாய் மட்டும்தான்.

கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். நாய்களின் பழக்கங்களுக்கு யோசனை சொல்லும் பெண்மணி, விலங்கு மருத்துவமனையிலிருந்து பேசினார்.

“வழக்கமா யார் சார் சாப்பாடு வைப்பாங்க?”

“என் மனைவி. மோதிரத்தால கிண்ணத்து விளிம்புல ரெண்டு தட்டு தட்டுவா. அதுவரைக்கும் இது தொடாது. அப்படிப் பழக்கி வச்சிருக்கா.”

இறந்துவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவனையும் அப்படித்தான் பழக்கியிருந்தாள். பசியில் அவன் தட்டில் கை வைத்தால், “நான் தட்டினப்புறம்தான். உனக்கும் அதே சட்டம்தான்டா,” என்று சிரிப்பாள்.

“அந்த மோதிரத்தால நீங்களே தட்டிப் பாருங்க சார்.”

அவள் மோதிரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தட்டினான். குண்டு வாசலையே பார்த்தது.

“நீங்க நிக்கிறதே அதுக்கு உறுத்தலா இருக்கலாம். போனை இங்கேயே விட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வெளியே உட்காருங்க. எட்டிப் பார்க்காதீங்க. சாப்பிடுதான்னு நான் கேட்டுச் சொல்றேன்.”

வெளியே வந்து, சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், குழாயிலிருந்து பாத்திரத்தில் சொட்டும் தண்ணீரும், அவற்றுக்குக் கீழே குண்டுவின் மூச்சும் பலகை வழியாக முதுகில் இறங்கின. கதவிடுக்கில் மெல்லக் கசிந்தது கடைசி மாதங்களில் அவள் நெற்றியில் பூசிக்கொண்ட தைலத்தின் நெடி.

குழாய் நின்றது.

டிங். டிங்.

உடனே, நாய் அவசரமாக நக்கித் தின்னும் சத்தம்.

கையை விரித்தான். மோதிரம் உள்ளங்கையில் இருந்தது.

உள்ளே ஸ்பீக்கர் பேசியது. “மேடம், வந்துட்டீங்களா? பாருங்க, உங்க கைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கு.”

அமைதி. யாரோ பதில் சொல்லும் அளவுக்கு நீண்ட அமைதி.

“யாரு, சாரைச் சொல்றீங்களா?” பெண்மணி சிரித்தார். “அவரும் சாப்பிடலையா?”

கதவைத் திறந்தான்.

கிண்ணம் காலி. அதன் பக்கத்தில், தரையில், அவனுடைய தட்டு. காலையில் மேசையில் மூடிவைத்துவிட்டுத் தொடாமலே போன அதே சோறு.

குண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வால் ஆடியது. அதன் தலையில் மயிர் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது.

டிங். டிங்.

இந்த முறை அவன் தட்டில்.

குண்டு திரும்பி அவனைப் பார்த்தது. காத்திருந்தது.

ஓட நினைத்தான். தட்டின் முன்னே உட்கார்ந்தான். கை தட்டுக்குப் போனது.

தைல நெடி.

அவன் உச்சந்தலையில், முடி மெல்ல அமுங்கியது.