உலராத மை

அறுபது வருஷத்துக்கு முந்தைய மை வானதியின் விரலில் ஈரமாக ஒட்டியது.

சட்டத்திலிருந்து பிரித்த படத்தை மேசையில் கிடத்தி, பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தாள். 1957இல் டிரினிடாடில் மரப்பலகையில் செதுக்கி எடுத்த அச்சு. கரும்பு வெட்டும் பெண்கள். முகமே இல்லாத கோணல்மாணலான கறுப்பு உருவங்கள். ஏலக் கம்பெனிக்காக இப்படி மதிப்பிட்டு மதிப்பிட்டே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து பஸ் மாறி மாறிக் கூத்தாநல்லூர் வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அசலா நகலா என்று எழுதிக் கொடுத்துவிட்டு எங்காவது கால் நீட்டினால் போதும்.

"ஈரத்துணியால தொடச்சீங்களா சார்?"

"அலமாரியிலேர்ந்து எடுத்ததே இன்னைக்குத்தாம்மா," என்றார் வீட்டுக்காரர் மீரா உசேன், ஓய்வுபெற்ற வாத்தியார். "வீட்ட விக்கிறோம். மக கூப்பிட்டுக்கிட்டா. இல்லாட்டி இதத் தொட்டிருக்க மாட்டேன்."

கரண்ட் போய் மின்விசிறி நின்றது. மத்தியானப் புழுக்கத்தில் வாய்க்கால் சேற்று வாடை ஜன்னல் வழியே வந்தது; அதனடியில், வெல்லப்பாகு தீய்ந்தாற்போல் இன்னொரு வாடை படத்திலிருந்தே மெல்லக் கிளம்பியது. உஷ்ணத்தில் மை இளகியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மை உறிஞ்சும் வெள்ளைத்தாளை அதன்மேல் பரப்பி, உள்ளங்கையால் ஒற்றி எடுத்தாள்.

தாளில் கரும்பு இல்லை. பெண்கள் இல்லை. கண் மூடிய ஓர் ஆணின் முகம் இருந்தது.

மீரா உசேன் நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். "எங்கண்ணன். கப்பல்ல வேலை பாத்தாரு, போன எடத்துலயே எறந்துட்டாரு. அவரு மய்யித்து வந்த பெட்டியும் இந்தப் படமும் ஒண்ணாத்தான் வந்துச்சு. பெட்டியத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. கடைசிவரைக்கும் மொகத்தப் பாக்க விடல."

வானதிக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. தாளில்தான் ஏதோ கோளாறு என்று, கைப்பழக்கத்தில் இன்னொன்றை எடுத்தாள். ஒற்றினாள்.

வழுக்கைத் தலை. நரைத் தாடி. இடப்புருவத்தில் தழும்பு.

"சார், இது உங்கள மாதிரி..."

திரும்பினாள்.

அவர் உட்கார்ந்தேதான் இருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்து கிடந்தது. அது நிற்க மூக்கு இல்லை. கண் இல்லை. வாய் இல்லை. வெறும் தோல்.

ஓட வேண்டும். கைப்பையை எடுக்க மேசைப் பக்கம் திரும்பினாள்.

மேசைமேல், அவள் வைக்காத மூன்றாவது தாள் ஒன்று படத்தை மூடியிருந்தது. அடியிலிருந்து மை ஊறியது. முதலில் பொட்டு. பிறகு அவளுடைய இடது கண்.

அறையின் இடது பாதி இருண்டது.