இன்னொரு பயனர்

மென்பொருளை நிறுவும் வேலை மறுபடியும் அதே இடத்தில்தான் நின்றது. பச்சைப் பட்டை கடைசி விரற்கடை தூரத்தை நிரப்பாமல் நிற்க, அதன் கீழே அதே வரி: எழுத்துருக் கோப்பை இன்னொரு பயனர் திறந்து வைத்திருக்கிறார், அவர் வெளியேறிய பின் முயலவும். வீட்டில் சித்ரலேகாவைத் தவிர யாரும் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துபவள் அவள். அவளுடைய ஆய்வேட்டை இந்த மென்பொருளில் பக்கம் கோத்துத்தான் தரவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். நாளையோடு கெடு முடிகிறது. அவளுடைய மடிக்கணினி பழுதாகிக் கிடந்ததால், கணவன் சுந்தரின் கம்ப்யூட்டரில் முன்பு தனக்கென்று வைத்திருந்த பயனர் கணக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். போன வருட வெள்ளத்தில் குறுக்குத்துறையில் ஆறு அவனை இழுத்துக்கொண்டு போனது. சீவலப்பேரிக்குக் கீழே முள்ளில் சிக்கிக் கிடந்தவனைச் சில நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். அதன்பிறகு இந்த அறையை இன்று மதியம்தான் திறந்தாள்.

கார்த்திகை மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. சாயங்காலமே அறை இருட்டிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் சுழலும் காற்றாடியின் இரைச்சல், கேட்கக் கேட்க, பாறைச் சந்துகளில் தண்ணீர் நுழைந்து போகும் சத்தமாக மாறிக்கொண்டிருந்தது. பூட்டிக் கிடந்த அறையின் புழுக்க வாடைக்கு அடியிலிருந்து, பாசியும் சேறும் கலந்த ஒரு நெடி பைய மேலே வந்தது.

உடன் வேலை பார்க்கும் சிவகணேஷைப் போனில் கூப்பிட்டாள். இதிலெல்லாம் கைதேர்ந்தவன். அவள் வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு ஆளு இருக்காங்கக்கா. அங்கன யாரு பேரு இருக்குன்னு பாருங்க" என்றான்.

பார்த்தாள். "சுந்தர் பேருதான் தம்பி."

சுந்தர் அண்ணன் கடைசியாக மூடாமல் விட்டிருப்பார், வெளியேற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிவகணேஷ் சமாதானம் சொன்னான். மதியம் சுவிட்சைப் போடும்வரை கம்ப்யூட்டர் ஒரு வருடம் அணைந்தே கிடந்ததை அவள் சொல்லவில்லை. வெளியேற்றினாள். பெயர் மங்கியது. பட்டை நகர்ந்தது. மூச்சு விட்டாள்.

டக்.

விசைப்பலகையில்தான். அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

டக். டக், டக்.

பெயர் மறுபடி பளிச்சென்றது. பட்டை நின்றது.

"திரும்பவும் வந்துட்டாரு" என்றாள்.

"பாஸ்வேர்டு அடிக்காம வர முடியாதேக்கா. அங்கன யாரு அடிக்கா?"

விசைகள் அமிழ்ந்து எழுந்துகொண்டிருந்தன. அவற்றின் இடுக்குகளில் கலங்கல் தண்ணீர் கசிந்தது.

சுந்தரின் கணக்கையே அழித்துவிடச் சொன்னான் சிவகணேஷ். ஆனால் அண்ணன் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும், மனசுக்குச் சம்மதமா என்று கேட்டான். ஒரு கணம், இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. இருந்துவிட்டுப் போகட்டுமே. அப்போது அந்த நெடி தன் முகத்துக்கு நேராக, மூச்சுக்காற்றுபோல விட்டு விட்டு வருவதை உணர்ந்தாள்.

அழி என்பதைத் தேர்ந்தாள். நிச்சயமா என்று திரை கேட்டது. என்டர் விசைமேல் விரலை வைத்து அழுத்தினாள்.

அது இறங்கவில்லை.

விரலுக்கும் விசைக்கும் நடுவே இன்னொரு விரல். ஜில்லென்று. ஊறிப்போய்.

பிறகு ஒரு கை. அவள் கையைப் பொத்தியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பிடி மட்டும் இருந்தது.

"விட்டுருங்க" என்றாள் மெதுவாக.

இறுகியது.

இழுத்தாள். இன்னும் இழுத்தாள். ஏதோ வழுக்கியது. கை வந்துவிட்டது.

"முடிஞ்சிட்டாக்கா?" என்று போன் கேட்டது.

அவள் தன் கையைப் பார்த்தாள். கூடவே உரிந்து வந்திருந்தது, ஈரக் கையுறை போல, வெளுத்து, ஐந்து நகங்களோடு, ஒரு ஆணின் கைத்தோல்.